செய்தி அனுப்புவது வேறு, போய்ச் சேருவது வேறு



கடைவாசலில் ஒருவர் மயங்கி விழுந்தால் 108-ஐ அழைப்பது பெரும்பாலும் கடைக்காரர்தான். வண்டி வழி தெரியாமல் நின்றால் விசாரிப்பதும் நம் கடையில்தான். ஆகவே ஆம்புலன்ஸ் ஊழியருக்குத் தகவல் போகும் விதத்தை நாம் அறிந்திருப்பது நல்லது. அதில் நம் தொழிலுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

பேஜர் இருந்த காலம்

நம் நாட்டில் 1995-இல் பேஜர் சேவை பெரிய நகரங்களில் பரவியது. இடுப்பில் செருகிக்கொள்ளும் சிறு கருவி அது. கம்பெனிக்கு டெலிபோன் செய்து செய்தியைச் சொன்னால், அங்குள்ளவர் அதைத் தட்டி அனுப்புவார். கருவி கூவும், எழுத்து தெரியும். பதில் சொல்ல வேண்டுமானால் டெலிபோன் பூத்தைத் தேடிப் போக வேண்டும். 2003-இல் செல்போனில் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றானதும் பேஜருக்கு இங்கே வேலை இல்லாமல் போயிற்று. தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பர் 15 அன்று. அதற்குள் பேஜர் காலம் முடிந்துவிட்டதால், நம் ஆம்புலன்ஸ்கள் தொடக்கத்திலிருந்தே செல்போனை நம்பி ஓடுகின்றன.

வெளிநாடுகளில் பேஜர் நெடுநாள் நீடித்தது. பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையில் மட்டும் சுமார் 1,30,000 பேஜர்கள் இருந்தன. ஆண்டுச் செலவு 66 லட்சம் பவுண்டு. 2021 முடிவுக்குள் அவற்றை விட்டுவிட வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் அந்நாட்டு சுகாதார அமைச்சர் உத்தரவிட்டார். ஆனால் மற்றத் தொடர்புகள் விழுந்துவிட்டால் அவசரத்துக்குப் பேஜரைப் பயன்படுத்தலாம் என்று விலக்கும் கொடுத்தார்கள். அந்த விலக்கு ஏன் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இரண்டின் நிறை குறை

பேஜர் காது மட்டும் உள்ளது, வாய் இல்லாதது. உயரமான கோபுரங்களிலிருந்து வலுவான அலையில் ஒரே செய்தி எங்கும் பரவும். கருவி அதைக் கேட்கும். ஒரு சிறு பாட்டரி வாரக்கணக்கில் வரும். ஆனால் செய்தி கிடைத்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது.

செல்போனில் பதில் சொல்லலாம், வழி கேட்கலாம். ஆனால் குறுஞ்செய்தி நேராகக் கைக்கு வருவதில்லை. கம்பெனியின் செய்தி மையத்தில் தங்கிப் பிறகு புறப்படும். போன் அணைந்திருந்தால், லாரி ஆபீசில் கிடக்கும் சரக்கு போல அங்கேயே காத்துக் கிடக்கும். ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும் ஒரு செய்தியில் தமிழ் 70 எழுத்துத்தான் பிடிக்கும். அதற்கு மேல் போனால் துண்டு துண்டாகப் பிரிந்து போகும். ஒரு துண்டு பிந்தினால் முகவரி முழுமையாக வந்து சேராது.

2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியதை மறந்திருக்க மாட்டோம். மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் செல்போன் கோபுரம் பாட்டரியிலும் டீசலிலும் ஓட வேண்டும். டீசல் தீர்ந்தால் கையில் உள்ள போன் வெறும் பெட்டிதான்.

நாம் செய்ய வேண்டியவை

1. 108-ஐ அழைக்கும்போது ஊர், தெரு, பக்கத்தில் உள்ள கோயில், சர்ச் அல்லது பள்ளி எல்லாவற்றையும் சொல்லுங்கள். "இரணியல்" என்று மட்டும் சொன்னால் போதாது. ஊரா, ரயில் நிலையமா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

2. அழைத்த போனில் வேறு யாரோடும் பேசாதீர்கள். வண்டி ஊழியர் வழி கேட்க அந்த எண்ணுக்குத்தான் திரும்ப அழைப்பார்.

3. கடைப்பையன் ஒருவனை ரோட்டு முக்கில் நிறுத்துங்கள். டவர் போனாலும் அவன் கை காட்டுவான்.

4. பக்கத்து ஆஸ்பத்திரி, தனியார் ஆம்புலன்ஸ், ஆட்டோக்காரர் எண்களைத் தாளில் எழுதிக் கல்லாப் பக்கம் ஒட்டுங்கள். சார்ஜ் இல்லாத போனில் உள்ள எண் உதவாது.

5. பெயர்ப்பலகையில் தெருவும் ஊரும் படிக்கும்படி இருக்கட்டும்.

தொழிலுக்கு உள்ள பாடம்

இப்போது ஆர்டரெல்லாம் வாட்ஸ்அப்பில் போகிறது. "அனுப்பிவிட்டேனே" என்கிறார் சில்லறைக் கடைக்காரர். "பார்க்கவில்லையே" என்கிறார் மொத்தக் கடைக்காரர். இடையில் ஓணம் வியாபாரம் போய்விடுகிறது. இரண்டு டிக் விழுந்தால் செய்தி போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பொருள். நீலமானால் திறந்து பார்த்தார் என்று பொருள். சரக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார் என்று எந்த டிக்கும் சொல்லாது. முன்பு பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை வைத்தோம். கோட்டாற்றுக்கு போனில் ஆர்டர் சொன்னால், "உளுந்து பத்து மூடை, கடலை ஐந்து" என்று அங்கே திருப்பிப் படிப்பார்கள். அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். ஆர்டர் அனுப்பியபின் ஒரு முறை கூப்பிட்டுக் கேளுங்கள். ஆர்டர் வாங்குகிறவர் சரக்கையும் எண்ணிக்கையையும் தேதியையும் திருப்பி எழுதி அனுப்பட்டும்.

சரக்கு பிந்தினால் நஷ்டம் பணத்தோடு போகும். ஆம்புலன்ஸ் பிந்தினால் உயிர் போகும். கருவி எதுவாக இருந்தாலும், "கிடைத்தது, வருகிறேன்" என்று மறுமுனையில் ஒருவர் சொல்லும்வரை நம் வேலை முடியவில்லை.