தொட்டியில் மிஞ்சும் பொடி

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்பார்கள். தாது உப்புப் பொடி விஷயத்திலும் அதே கதைதான். மேலுதட்டை விரல் மாதிரி வளைத்துத் தொட்டியைத் துழாவும். கொள்ளும் தவிடும் காலியாகும். பொடி மட்டும் அடியில் அப்படியே கிடக்கும்.

பொடியை மாற்றுவதற்கு முன் குதிரையின் வாயைப் பாருங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வெளியோரம் கூராகிக் கன்னத்தைக் குத்திக்கொண்டிருக்கலாம். பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகக் கீழே விழுந்தால் பெரும்பாலும் பல்லில்தான் கோளாறு. புல்லைத் தின்றுவிட்டுத் தானியத்தை மட்டும் ஒதுக்கினால் இரைப்பைப் புண் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்து, அந்தப் பொடி டப்பா உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். நம் ஊர் லாயங்களில் தவிடு தாராளம். கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். குதிரைக்கோ பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு வேண்டும். தவிட்டைக் குறைத்துக் குதிரைமசால் சேர்த்தாலே இதில் பெரும்பகுதி சரியாகிவிடும். அதை ஒதுக்கும் குதிரை அபூர்வம். உப்பு அப்படியல்ல, தனியாகத்தான் கொடுக்க வேண்டும். 450–500 கிலோ எடையுள்ள குதிரைக்கு வேலையில்லாத நாளிலேயே 25–30 கிராம் வேண்டும். வியர்க்க வியர்க்க ஓடினால் இன்னும் கூடும். உப்புக்கட்டியை நக்கி இந்த அளவை எட்டாத குதிரைகள் நிறைய.

இவ்வளவும் பார்த்த பிறகும் சப்ளிமெண்ட் தேவை என்றால், மிகச் சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள். உலர்ந்த பொடி தானியத்தில் ஒட்டாது. ஊறவைத்த குதிரைமசாலிலோ ஈரத் தவிட்டிலோ பிசைந்தால் உதட்டால் பிரிக்க முடியாது. மொத்தத் தீவனத்திலும் கலந்துவிடாதீர்கள். பசி நேரத்தில் இரண்டு கைப்பிடி தீவனத்தில் மட்டும் கலந்து முதலில் வையுங்கள்; அது காலியான பிறகு மிச்சத்தைக் கொடுங்கள். வெல்லத் தண்ணீர் தெளிப்பது பழைய வழி, பலிக்கும். ஆனால் குளம்பு அழற்சி வந்த குதிரைக்கும் கொழுத்த மட்டக் குதிரைக்கும் அது ஆகாது.

வாசனைக்கு அஞ்சறைப்பெட்டியே போதும். 2005-ல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வில், லாயத்துக் குதிரைகளுக்குப் பல வாசனைகளில் தீவனம் வைத்துப் பார்த்தார்கள். வெந்தயமும் வாழைப்பழமும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. சீரகத்தையும் குதிரைகள் ஏற்றுக்கொண்டன. முதல் இரண்டு வாசனைகளையும் சேர்த்தபோது, தாது உப்பு வில்லைகளையும் குதிரைகள் சீக்கிரம் தின்று முடித்தன. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: முதல் சில நாள் வெந்தயப் பொடியை ஒரு தேக்கரண்டி மட்டும் தனியாகப் பழக்குங்கள். எடுத்த எடுப்பில் கசப்பு மருந்தோடு சேர்த்தால் வெந்தயத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும். பந்தயக் குதிரையாக இருந்தால் எந்த மூலிகைக்கும் முதலில் மருத்துவரின் சம்மதம் வேண்டும்.

பழகிய பிறகு சப்ளிமெண்டைக் கால் பங்கில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டி, முழு அளவுக்கு வாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பொருள் வேண்டாம்; எதை ஒதுக்குகிறது என்றே தெரியாமல் போகும். பொடி ஒத்துவரவே இல்லையென்றால் வில்லைக்கு மாறுங்கள். எலக்ட்ரோலைட்டைத் தண்ணீரில் கலந்தால் பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குதிரை தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும். சிரிஞ்சில் வாய்க்குள் செலுத்துவது ஓரிரு நாள் மருந்துக்குத்தான் சரி. தினமும் செய்தால் ஆளைக் கண்டதும் தலையைத் தூக்கும்.

தின்கிறதே என்று இரண்டு டப்பாவைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இரண்டிலும் செலீனியம் இருந்தால் அளவு மீறி நஞ்சாகிவிடலாம். மாட்டுக்கும் கோழிக்கும் உள்ள தீவனம் பக்கமே போக வேண்டாம். சிலவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து, சிறிதளவு இருந்தாலே குதிரையின் இதயத்தைக் கெடுத்து உயிரை வாங்கும்.

குதிரை பொடியோடு சேர்த்துத் தீவனத்தையே தொடாமல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, முன்காலால் தரையைப் பறித்தால் அது வயிற்றுவலி. டப்பாவை மூடி வைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.