மதிப்பு எங்கே பிறக்கிறது?

அரசியல் தலைவர்கள் மீது மக்கள் கொண்டிருந்த மதிப்பு தேய்ந்து வருகிறது என்னும் வருத்தம் நாடெங்கும் ஒலிக்கிறது. தலைவர் வரும்போது எழுந்து நிற்பவர்களே, அவர் சென்றதும் எள்ளி நகைக்கிறார்கள். அவர்கள் எழுந்து நின்றது பதவிக்காக மட்டுமே.

உயர்ந்தோரின் ஒழுக்கமே மற்றவர்க்கு அளவுகோலாகிறது என்னும் கருத்தைப் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனனுக்கு உணர்த்துகிறார். லால் பகதூர் சாஸ்திரியின் வாழ்வு இதற்குத் தக்க விளக்கம். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பாலத்தைக் கட்டியவர் அவரல்லர். ஆயினும் ரயில்வே அமைச்சர் என்ற முறையில் பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

போரும் உணவுப் பற்றாக்குறையும் ஒருங்கே நெருக்கிய 1965-இல், வாரம் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு பிரதமராக இருந்த அவர் நாட்டை வேண்டினார். அதற்குமுன், தம் வீட்டில் ஒரு வேளை அடுப்பு மூட்டாமல் குழந்தைகளால் பசி தாங்க முடிகிறதா என்று பார்த்தாராம். வேண்டுகோளுக்குச் சட்டத்தின் துணை இல்லை. எனினும் திங்கட்கிழமை மாலைகளில் பல உணவு விடுதிகள் மூடிக் கிடந்தன. எளியோர் இல்லங்களும் நோன்பிருந்தன.

மக்களும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. வேட்பாளர்கள் தம் சொத்துகளையும் குற்ற வழக்குகளையும் வெளியிட வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. அவற்றைப் படித்தபின் வாக்களிப்போர் எத்தனை பேர்?

1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தபோது, கார் வாங்கிய வங்கிக் கடன் நிலுவையில் இருந்தது. லலிதா அம்மையார் தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அதனை அடைத்தார்.