வயல் மண்ணும் ஒரு கம்பிதான்

கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்து வாழைத் தோட்டங்களில் மண்ணின் ஈரம் அளக்க ஒரு ஆர்டுயினோ பலகையும் இரண்டு கால் சென்சாரும் ஒரு லேப்டாப்பும் போதும் என்றுதான் மாணவர்கள் கிளம்புகிறார்கள். வீட்டு மேசையில் டம்ளர் தண்ணீருக்குள் அசையாமல் நின்ற எண், பம்புசெட் அறைப் பக்கம் வந்ததும் துள்ளத் தொடங்கும். உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் பாதி வீண்செலவு. ஒன்று உயிருக்கே ஆபத்து.

"சென்சார் போயிட்டு, மாத்து." பெரும்பாலும் போயிருக்காது. சென்சார் வயரைக் கழற்றிவிட்டு, பலகையின் ஏ0 முனையை அதே பலகையின் கிரவுண்டோடு ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். எண் 0-வில் நின்றுவிட்டால் பலகைக்கு ஒன்றுமில்லை, தொல்லை வெளியிலிருந்து வருகிறது. ஏ0-வை எதிலும் இணைக்காமல் விட்டுப் பார்த்துவிட்டு 'போர்டே போச்சு' என்று முடிவு கட்டக் கூடாது. அப்படி விட்ட முனை, பக்கத்தில் ஓடும் 230 வோல்ட் வயரின் 50 ஹெர்ட்ஸ் அலையைத் தொடாமலே வாங்கிக்கொள்ளும்.

"எர்த் சரியில்ல, இன்னொண்ணு அடி." நம் பக்கம் ஆழமாக வேரோடிய நம்பிக்கை இது. எர்த் ஆளைக் காப்பதற்கானது. இரைச்சலைக் கொட்டிவிடும் சாக்கடை அல்ல. மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே ஏதாவது ஒரு வழியில் திரும்பப் பார்க்கும். லேப்டாப் சார்ஜருக்குள், மெயின் லைன் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியே மைக்ரோ ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் கசியும். இரண்டு பின் சார்ஜர் மாட்டிய லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் விரலில் சுருசுரு என்பது இதனால்தான். வயலில் அந்தக் கசிவு யூஎஸ்பி கேபிளின் கிரவுண்டு வழியாகப் பலகைக்கு வந்து, சென்சாரின் கால் வழியாக ஈர மண்ணில் இறங்குகிறது. தண்ணீர் பாய்ந்த வயல்தான் அங்கே எர்த். டம்ளர் தண்ணீருக்கு மண்ணோடு தொடர்பில்லை, அதனால் வீட்டில் எண் அசையவில்லை.

100 மைக்ரோ ஆம்பியர் ஓர் ஆயிரம் ஓம் தடையைக் கடந்தால் 100 மில்லிவோல்ட். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். ஆக, எண் இருபது படி ஆடிவிடும். இன்னொரு எர்த் கம்பி அடித்தால் மின்னோட்டத்துக்கு இன்னொரு பாதை கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டு எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். ஆட்டம் நின்றால் குற்றவாளி சார்ஜர் வழிதான். அளக்கும் நேரத்தில் பேட்டரியிலேயே ஓட்டலாம். முடியாவிட்டால் நடுவில் யூஎஸ்பி ஐசொலேட்டர் போட்டு, பலகைக்குத் தனி பேட்டரி கொடுக்கலாம்.

"மூணாவது பின்னை ஒடிச்சு விடு, நின்னுரும்." நிற்கவும் கூடும், அதனால்தான் இந்த யோசனை இத்தனை ஆபத்தானது. சார்ஜருக்குள் காப்பு உடைந்த அன்று, லேப்டாப்பில் கை வைத்தபடி ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர் வழியாக மின்சாரம் இறங்கும். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள்.

"பத்து ரீடிங் எடுத்து ஆவரேஜ் போட்டாப் போதும்." ஊனோவில் ஒரு ரீடிங்குக்கு ஏறக்குறைய 0.1 மில்லிசெகண்டு, பத்து எடுத்தால் ஒரே மில்லிசெகண்டு. 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 20 மில்லிசெகண்டு ஆகும். முழுச் சுற்றுக்கும், அல்லது அதன் மடங்குக்கும், சீராக எடுத்துச் சராசரி போட்டால்தான் மேடும் பள்ளமும் கழிந்துபோகும்.

தள்ளிப் போவதும் வைத்தியம்தான், பழைய வைத்தியம். பம்பாயில் டிராம்களை மின்சாரத்தில் ஓட்டும் திட்டம் வந்தபோது, கொலாபாவில் நடந்துவந்த புவிகாந்தப் பதிவு கெட்டுப்போகும் என்று 1904-இல் அலிபாகில் புது நிலையம் தொடங்கினார்கள். 1906 வரை இரண்டு இடத்திலும் அளந்து ஒப்பிட்டார்கள். அந்த மரபில் வந்த இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்துக்கு நம் கிருஷ்ணாபுரத்திலும் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. வயலில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்சார் வயரை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டாமல் ஓரிரு அடி விலக்கி, சிக்னலையும் கிரவுண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி இழுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

மோட்டார் நிற்கும் நொடியில் மட்டும் பலகை ரீசெட் ஆனாலோ, யூஎஸ்பி இணைப்பு அறுந்தாலோ அது வேறு நோய். "பெரிய கெப்பாசிட்டரா ஒண்ணு போடு" என்பது அதற்கு உதவாது. ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் காயில் விடுபடும்போது எழும் அழுத்தத்தை அந்தக் காயிலிலேயே அடக்க வேண்டும். பலகை இயக்கும் சின்ன டிசி ரிலேக்கு, காயிலின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடைத் தலைகீழாகப் போட்டால் போதும். ஏசி காயிலில் அதே டயோடைப் போட்டால் அடுத்த அரைச் சுற்றிலேயே ஷார்ட். அங்கே ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஸ்னப்பர்தான் போட வேண்டும், அதையும் மெயின் லைனுக்கென்றே செய்த வகையில் வாங்கி, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரீஷியன் கையால்.