எண்ணாகத் தெரியும் எழுத்து

மதிப்பெண் பட்டியலை எக்செலில் தயாரிக்கும்போது ஒரு மாணவருக்கு மட்டும் கூட்டுத்தொகை குறைந்து வருவது உண்டு. ஐந்து பாடங்களில் 78, 64, 81, 72, 69 என்றால் மொத்தம் 364. திரையில் 283 என்று வந்தால் விடுபட்டது 81. கணக்கு மதிப்பெண் நுண்ணறையில் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் செயலி அதை எழுத்தாக வைத்திருக்கிறது. சம் வாய்ப்பாடு வரம்பிலுள்ள எழுத்தைக் கணக்கில் கொள்ளாது. ஆவரேஜ் வாய்ப்பாடோ நான்கால் வகுத்து 70.75 என்று காட்டும். உண்மையான சராசரி 72.8.

கூட்டுத்தொகை குறைந்தால் மாணவரே வந்து கேட்டுவிடுவார். தேர்ச்சி காணும் இஃப் வாய்ப்பாட்டில்தான் ஆபத்து அதிகம். எக்செலின் ஒப்பீட்டில் எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது. எனவே 35-உடன் ஒப்பிடும்போது, எழுத்தாகப் பதிவான 28 ‘தேர்ச்சி’ ஆகிவிடும். ‘வரவில்லை’ என்று குறிக்கப்பட்டவரும் தேர்ச்சி! குறைதீர் கற்பித்தல் தேவைப்படும் குழந்தையின் பெயர் பட்டியலிலேயே வராது. மதிப்பெண் எண்தானா என்பதை ஈஸ்நம்பர் வாய்ப்பாட்டால் முதலில் சோதித்துவிட்டு ஒப்பிடுவதே பாதுகாப்பு.

இயல்பாக எண் வலப்புறமும் எழுத்து இடப்புறமும் ஒட்டி நிற்கும். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தும் பழக்கத்தால் அந்தத் தடயம் அழிந்துவிடுகிறது. நிரலின் கீழே கவுண்ட் வாய்ப்பாட்டை இட்டுப் பாருங்கள். 40 மாணவர்களுக்கு 37 என வந்தால் மூன்று நுண்ணறைகளில் எண் இல்லை.

வடிவமைப்பை ‘டெக்ஸ்ட்’ என்பதிலிருந்து ‘ஜெனரல்’ என மாற்றினால் மட்டும் போதாது. ஏற்கெனவே உள்ளிட்டது எழுத்தாகவே இருக்கும். மாற்றிய பின் நிரலைத் தெரிவு செய்து, டேட்டா தாவலில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ சென்று ‘ஃபினிஷ்’ கொடுங்கள். இணையதளத்திலிருந்து நகலெடுத்த தரவில் சிறப்பு இடைவெளி ஒட்டியிருந்தால் இதுவும் பலிக்காது. அந்த இடைவெளியை நகலெடுத்து, ‘ரீப்ளேஸ்’ வசதியில் தேடும் பெட்டியில் ஒட்டி, மாற்றும் பெட்டியை வெறுமையாக விட்டு நீக்க வேண்டும். விடைக்குப் பதில் வாய்ப்பாடே தெரிந்தால், அந்த நுண்ணறையையும் ஜெனரலாக்கி எஃப்2, என்டர் அழுத்தினால் சரியாகும்.

உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண் இதற்கு நேர்மாறு. அந்த நிரலை, தட்டச்சு செய்யும் முன்பே டெக்ஸ்ட் ஆக்கிவிட வேண்டும். எக்செல் எண்ணில் 15 இலக்கங்களையே துல்லியமாக வைத்திருக்கும். 16-ஆவது இலக்கம் பூஜ்யமாகிவிடும்; முன்னால் நிற்கும் பூஜ்யங்களும் உதிர்ந்துவிடும். பிறகு வடிவமைப்பை மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது. பாஸ்புக்கைப் பார்த்து மீண்டும் உள்ளிடுவதுதான் வழி.