டாக்டர் அறையில் மட்டும் பிரஷர் எகிறுகிறதா?

கிளினிக்கில் 150, வீட்டில் 128 என்றால் எதை நம்புவது? ஒரு வாரம் வீட்டில் முறையாக அளந்து, குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

1. மேல்கையில் பட்டை சுற்றும் மெஷினை வாங்குங்கள். மணிக்கட்டு மெஷின், கை வைக்கும் உயரத்தைப் பொறுத்து மாற்றிக் காட்டும்.

2. சட்டைக் கையின் மேல் சுற்றாதீர்கள். பட்டை கைக்குப் பொருந்தட்டும். சின்னப் பட்டை அளவைக் கூட்டிக் காட்டும்.

3. காபி, சிகரெட், நடைப்பயிற்சிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். உடனே அளந்தால் உண்மை நிலவரம் தெரியாது.

4. சிறுநீர் கழித்துவிட்டு 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். அடக்கிக்கொண்டிருந்தால் பிரஷர் ஏறும்.

5. முதுகைச் சாய்த்து, பாதங்களை ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வையுங்கள். கால்மேல் கால் போட்டாலும், கையைத் தொங்கவிட்டாலும் எண் கூடும்.

6. அளக்கும்போது பேசாதீர்கள். பேச்சும் பிரஷரை ஏற்றும்.

7. காலை மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், 1 நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை அளந்து பாருங்கள். ஒற்றை அளவை நம்ப முடியாது.

முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு சராசரி பாருங்கள். 135/85-ஐத் தொட்டாலே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வாய்க்குழறலோ இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.