கரும்பைக் காக்கும் முட்டை ஒட்டுண்ணி

இடைக்கணுப் புழு கரும்பினுள் புகுந்துவிட்டால் மருந்து அதனை எட்டுவது அரிது. ஆகவே முட்டைப் பருவத்திலேயே அதனை அழித்தல் வேண்டும். புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு இப்பணியைச் செய்வது டிரைக்கோகிரம்மா என்னும், கடுகினும் சிறிய குளவி.

குளவியைப் பெருக்கப் புழுவின் முட்டைகளை வயல்தோறும் தேடித் திரட்டுதல் நம்மால் ஆகாத காரியம். ஆதலின் ஆய்வுக்கூடங்களில் கம்பு நொய்யில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டிக் குளவிக்கு அளிக்கின்றனர். முன்னதாகப் புற ஊதா ஒளியால் கருவை அழித்துவிடுவர். இல்லையேல் பொரிக்கும் அந்துப்புழு மற்ற முட்டைகளையும் தின்றுவிடும். ஒட்டுண்ணி புகுந்த முட்டை கறுக்கும். ஏழெட்டு நாட்களில் குளவி வெளிவரும். அட்டையை வீட்டில் வைத்து நாள் கடத்தினால் குளவிகள் அங்கேயே மாளும்.

நட்ட 4ஆம் மாதம் முதல் 15 நாட்களுக்கு ஒருமுறையாக ஆறு முறை, ஏக்கருக்கு 1 சி.சி. அட்டையைத் துண்டுகளாக்கி இலையின் அடிப்புறம் கட்டுவோம். அயல் வயலில் தெளிக்கும் மருந்தும் குளவியைக் கொல்லுமாதலால், கட்டும் நாளைப் பஞ்சாயத்தார் ஊருக்கு முன்னரே அறிவித்தல் நலம்.