இடுப்பு வலிக்கு ஸ்போர்ட்ஸ் கார் பொறுப்பா?

திருப்பரங்குன்றத்துக்காரர்களுக்கு நெடுஞ்சாலை வாசலிலேயே இருக்கிறது. கப்பலூரில் ஏறினால் விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி. ரிங் ரோட்டைப் பிடித்து மேலூர்ப் பக்கம் போனால் திருச்சி, சென்னை. ரோடு இப்படி அமைந்துவிட்டால் வேகமான வண்டிமேல் ஆசை வரத்தானே செய்யும்? வசதி உள்ளவர்கள் மஸ்டாங், போர்ஷே என்று வாங்குகிறார்கள். மற்றவர்கள் இருக்கிற ஹாட்ச்பேக்கின் ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, அகலமான அலாய் வீல் மாட்டிக்கொள்கிறார்கள். நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கும்போது இரு தரப்பும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "இந்த வண்டி லாங் டிரைவுக்கு ஆகாது."

இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. தாழ்ந்த காருக்கென்று சில குறைகள் உண்டுதான். ஆனால் வலியில் பெரும்பங்கு நாம் உட்காரும் விதத்திலிருந்தும், இறங்காமல் ஓட்டும் பிடிவாதத்திலிருந்தும் வருகிறது. அதற்குக் காரணம் வாய்வழியாகப் பரவிய சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை: சீட் கெட்டியாக இருப்பதால்தான் இடுப்பு வலிக்கிறது. மெத்தென்ற சீட் என்றால் வலியே வராது.

கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார். அந்தப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். அந்த வகைக் காரின் சீட் கார்பன் ஃபைபரால் ஆனது. பஞ்சு என்று சொல்லும்படி அதில் ஒன்றும் இருக்காது. ஓட்டுநரைக் காருக்குள் உட்காரவைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் பையில் நுரைக் கலவையை ஊற்றி இறுகவிடுவார்கள். அவருடைய உடம்பின் அச்சு அதில் அப்படியே பதியும். அந்த அச்சை வைத்துத்தான் சீட் செய்கிறார்கள். உடம்புக்குப் பொருந்தினால் கெட்டியான சீட்டும் சுகமாகத்தான் இருக்கும்.

சோபா மாதிரியான சீட் முதல் அரை மணி நேரம் இதமாக இருக்கும். அதன்பின் இடுப்பு உள்ளே அமுங்கும், கீழ்முதுகு வளையும், முதுகெலும்புத் தட்டுகளின் மேல் அழுத்தம் கூடும். ஸ்போர்ட்ஸ் சீட்டின் இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும் பகுதி, வளைவுகளில் உடம்பு சரியாமல் தாங்குகிறது. அந்தத் தாங்கல் இல்லாவிட்டால் நம் தசைகள்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். அதே சமயம், அகன்ற இடுப்பு உள்ளவர்களுக்குக் குறுகலான பக்கெட் சீட் கடிக்கும். ஆகவே ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரம் உட்காரக் கேளுங்கள். லட்சக்கணக்கில் கொடுப்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

நம்பிக்கை: சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி, சாய்ந்து ஓட்டுவதுதான் ரேஸ் ஸ்டைல்.

சீரழிவு தொடங்குவதே இங்கேதான். கையையும் காலையும் நீட்டி ஓட்டினால் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பு சீட்டை விட்டு முன்னால் நழுவும். தோள் எந்நேரமும் இழுபட்டே இருக்கும். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் செலவழித்தால் இதைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் பர்ஸின் மேல் உட்கார்ந்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டினால் இடுப்பு எலும்பு சாய்ந்தே நிற்கும். வலி தொடை வரை இறங்கும். அடுத்து, சீட்டும் முதுகுச் சாய்மானமும் சேரும் மூலையில் பின்புறம் முட்டும்படி உள்ளே தள்ளி உட்காருங்கள். கிளட்சை, ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை, அடிவரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். சீட்டின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சாய்மானம் 100 முதல் 110 டிகிரி வரை போதும். நேர்க்குத்தாக 90 டிகிரியில் உட்காருவதும் முதுகுக்கு நல்லதில்லை. தோள் சீட்டிலேயே இருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். ஏர்பேக் இருப்பதால் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இடுப்புத் தாங்கலுக்கு சீட்டில் வசதி இல்லையென்றால் ஒரு துண்டைச் சுருட்டி பெல்ட் கட்டும் உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் தடித்த குஷன் உங்களை முன்னால் தள்ளி, போட்ட கணக்கையெல்லாம் கெடுத்துவிடும்.

தாழ்ந்த காரில் ஏறி இறங்குவதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு காலை உள்ளே வைத்து, இடுப்பைத் திருகி, தலையைக் குனிந்து நுழைபவர்கள்தான் மூட்டு பிடித்துக்கொண்டது என்று வருந்துகிறார்கள். வெளியே பார்த்தபடி முதலில் சீட்டில் உட்காருங்கள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே கொண்டுவாருங்கள். இறங்கும்போது இதையே திருப்பிச் செய்யுங்கள்.

நம்பிக்கை: டயரில் காற்றைக் குறைத்தால் குலுங்காது, வெயிலுக்கும் நல்லது.

பைபாஸ் டயர் கடையில் யாரும் கேட்காமலே கிடைக்கும் சலுகை இது. "வெயில் காலம்ணே, ரெண்டு பாயிண்ட் கம்மியா வச்சிருக்கேன்" என்பார் தம்பி, அக்கறையோடுதான். ஆனால் காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடிப்புதான் சூட்டைக் கிளப்புகிறது. மே மாதத்து விருதுநகர் ரோட்டில் டயர் வெடிப்பதற்கு அதுவே வழி.

ஸ்போர்ட்ஸ் காரில் ஆபத்து இன்னும் அதிகம். சாதாரண செடானில் வரும் 185/65 அளவு டயரின் பக்கச் சுவர் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் உயரம். 245/35 டயரில் அது 86 மில்லிமீட்டர்தான். அதிலும் காற்றைக் குறைத்தால் பள்ளத்தின் விளிம்பு நேராக ரிம்மில் இடிக்கும். ரிம் வளையும், டயர் பக்கவாட்டில் கொப்பளிக்கும். டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரியான அளவு. டயர் ஆறியிருக்கும்போது, முடிந்தால் விடிகாலையில், அதைப் பார்த்து நிரப்புங்கள். ஓடும்போது சூட்டில் அளவு ஏறும்; சுமார் ஐந்தரை டிகிரி சூட்டுக்கு ஒரு பாயிண்ட் என்பது கணக்கு. அது ஏறும் என்று தெரிந்துதான் கம்பெனி அந்த அளவைக் குறித்திருக்கிறது. பாதி வழியில் நிறுத்தி, சூடான டயரிலிருந்து காற்றை இறக்கக் கூடாது.

குலுக்கல் உண்மையிலேயே தாங்கவில்லையா? தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளுக்குள் ஒரு அங்குலம் சிறிய ரிம்மும் உயரமான பக்கச் சுவர் கொண்ட டயரும் போடுங்கள். பார்க்கக் கொஞ்சம் எடுப்பு குறையும். முதுகு அதைப் பொருட்படுத்தாது.

நம்பிக்கை: சஸ்பென்ஷன் எவ்வளவு மென்மையோ அவ்வளவு குமட்டல் குறையும்.

நேர்மாறு. வயிற்றைப் புரட்டுவது மெதுவான ஊசலாட்டம்தான். ஐந்து விநாடிக்கு ஒருமுறை போல அசையும் அசைவு மிக மோசம். கொடைக்கானல் மலைப்பாதையில் மிதந்து ஆடும் பெரிய வண்டியைவிட, தரையைப் பிடித்துப் போகும் வண்டியில் சிலருக்கு வாந்தி வராமல் இருப்பது அதனால்தான்.

நம்பிக்கை: தண்ணீர் குடிக்காவிட்டால் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

பெண்கள் இதை விருப்பப்பட்டுச் செய்வதில்லை. நம் நெடுஞ்சாலையில் நம்பி நுழையக்கூடிய கழிப்பறைகள் குறைவு. அது வெட்கப்பட வேண்டிய நிலை. ஆனால் தாகத்தை அடக்குவதால் உடம்புதான் அடி வாங்குகிறது. தலைவலி வரும், கவனம் சிதறும். படுத்திறங்கும் பெரிய முன்கண்ணாடி வழியாக வெயில் நேராக மடியில் விழும் ஸ்போர்ட்ஸ் காரில், ஏசி ஓடினாலும் உடம்பு வறளும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நிறுத்தும் இடத்தை டீ நன்றாக இருக்கிறதா என்று பார்த்துத் தேர்வு செய்யாமல், கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துத் தேர்வு செய்யுங்கள். கூட வருகிறவர்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நம்பிக்கை: சைலன்சர் சத்தமும் பாட்டும் இருந்தால் தூக்கம் வராது. வந்தால் ஜன்னலைத் திறந்தால் போதும்.

ஜன்னல் காற்றும் பாட்டும் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். ஒரே சுருதியில் மணிக்கணக்கில் உறுமும் சைலன்சர் களைப்பைக் கூட்டவே செய்யும். சத்தத்தை அடக்கும் வசதி வண்டியில் இருந்தால் நெடுஞ்சாலையில் அதைப் போட்டுவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் காரின் உள்ளிடம் சிறியது. ஏசியை உள்காற்றே சுற்றும்படி வைத்து இரண்டு பேர் நெடுநேரம் போனால் கரியமிலவாயு சேர்ந்து மந்தம் தட்டும். அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

உடம்பு தானாகவே சோரும் நேரம் இரண்டு உண்டு: பின்னிரவு 2 முதல் 6 மணி வரை, பிற்பகல் 2 முதல் 4 மணி வரை. விருதுநகரில் ஒன்றரை மணிக்கு எண்ணெய் பரோட்டாவை நிறைவாகச் சாப்பிட்டுவிட்டு சாத்தூர் தாண்டும்போது கண் செருகுகிறது என்றால் ஆச்சரியமில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் நாலு விநாடி கண் மூடினால் வண்டி 110 மீட்டர் போய்விடும். உண்மையான மருந்து தூக்கம் மட்டுமே. காபி வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஆகவே காபியைக் குடித்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும்.

நம்பிக்கை: கெட்டிக்கார டிரைவர் ஒரே மூச்சில் போய்ச் சேர்வார்.

உலகின் மிகக் கெட்டிக்கார ஓட்டுநர்களுக்கே அந்த அனுமதி இல்லை. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எந்த ஓட்டுநரும் ஆறு மணி நேர இடைவெளிக்குள் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது; மொத்தம் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 2012-இல் சென்னைக்காரரான கருண் சந்தோக் அங்கே ஓட்டி, அவருடைய கார் ஆறாவதாக வந்தபோது ஸ்டியரிங்கை மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்ததும் இப்படி மாறி மாறி ஓட்டித்தான். அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்த ஓட்டம் மந்தமாகும். சிலருக்கு ரத்தம் உறையவும் கூடும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடமாவது நடப்பது நல்ல கணக்கு. இங்கிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கு முதல் நிறுத்தமாக விராலிமலை சரியாக அமையும். முருகன் மலையில் கிளம்பி இன்னொரு முருகன் மலையில் கால் நீட்டலாம். அடுத்து பெரம்பலூர், பிறகு உளுந்தூர்பேட்டை. திண்டிவனத்தில் இன்னொரு முறை இறங்கிவிடுங்கள். செங்கல்பட்டு தாண்டியதும் மாட்டிக்கொள்ளும் நெரிசலில் கிளட்ச் மிதிக்கும் இடது காலுக்கு அந்த ஓய்வு தேவைப்படும்.